வீட்டு யோகம்: உடம்போடு சண்டை வேண்டாம்

நம் சங்கக் கூட்டங்களில் அறுபதைத் தொட்டவர்கள் சந்தித்துக்கொண்டால் பேச்சு முழங்கால் வலியில் ஆரம்பித்து யோகாவில் வந்து நிற்கும். "நானும் ஆரம்பிச்சேன் சார், நாலு நாள்தான் ஓடுச்சு. நமக்கெல்லாம் உடம்பு வளையாது" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குள் கொஞ்சம் வெட்கமும் இருக்கும். எனக்கும் இருந்தது. தொலைக்காட்சியைப் பார்த்துப் பத்மாசனத்துக்குக் காலை இழுத்து மடக்கினேன். முழங்கால் வீங்கி இரண்டு வாரம் நொண்டினேன். பிறகு ஒரு வருடம் பாயையே விரிக்கவில்லை.

தவறு யோகத்தில் இல்லை, நான் புரிந்துகொண்ட விதத்தில்தான். பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் ஏறத்தாழ 195. அவற்றில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. அவர் ஆசனத்துக்குச் சொல்லும் இலக்கணம் இரண்டு: உறுதி, சுகம். நெற்றி முழங்காலைத் தொட்டாக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

1930களில் மைசூர் அரண்மனையில் இளைஞர்களுக்குக் கடினமான ஆசனங்களைக் கற்பித்தவர் கிருஷ்ணமாச்சாரியார் (1888-1989). பின்னாளில் சென்னைக்கு வந்த அவரே, நாடி வந்தவர்களின் வயதையும் நோயையும் பார்த்து ஆளுக்கு ஆள் பயிற்சியை மாற்றிக் கொடுத்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரமும் அந்த வழியில்தான் நடந்தது. இன்னொரு சீடர் பி.கே.எஸ். ஐயங்கார் (1918-2014). சிறுவயதில் மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று அவதிப்பட்டவர். புனேயில் குடியேறிய அவர் போர்வை, பெல்ட், மரக்கட்டை, நாற்காலி எல்லாவற்றையும் ஆசனத்துக்குத் துணையாக்கினார். ஆகவே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்வது ஏமாற்று வேலை அல்ல; ஆசான்கள் காட்டிய முறை.

நம் ஃபிளாட்டுகளில் தனி அறைக்கு எங்கே போவது? ஒரு பாய் அகலத்துக்கு இடமும் ஒரு சுவரும் போதும். காலையில் வெறும் வயிற்றில், பதினைந்து நிமிடம். சாப்பிட்டிருந்தால் மூன்று மணி நேரமாவது போகட்டும்.

முதலில் சுகாசனம். போர்வையை நான்காக மடித்து அதன்மேல் உட்காருங்கள். இடுப்பு உயர்ந்தால் முதுகு தானாக நிமிரும். தரையில் முடியவில்லையா, நாற்காலியில் உட்காரலாம். அடுத்து, மூச்சை இழுத்தபடி இரு கைகளையும் மேலே தூக்கி, விட்டபடி இறக்குங்கள், ஆறு தடவை. பிறகு சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியின் இருக்கையில் கைகளை ஊன்றி, முழங்காலைச் சற்றே மடக்கி, முன்னால் குனியுங்கள். கடைசியில் ஐந்து நிமிடம் சவாசனம். இடுப்பு வலி உள்ளவர்கள் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளலாம்.

எது வரை போகலாம் என்பதை மூச்சு சொல்லும். மூச்சு திணறினால், பல்லைக் கடித்தால், ஒரு படி பின்வாங்குங்கள். தசை இழுபடுவது வேறு, மூட்டில் சுருக்கென்று குத்துவது வேறு; குத்தினால் நிறுத்திவிட வேண்டும். ரத்தக் கொதிப்பு, கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்குச் சிரசாசனம், சர்வாங்காசனம் போன்ற தலைகீழ் ஆசனங்கள் வேண்டாம். கர்ப்பிணிகளும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

ஒரு நாள் விட்டுப்போனால் "போச்சு, எல்லாம் வீண்" என்று மனம் சொல்லும். அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மறுநாள் பாயை விரியுங்கள். பக்கத்து வீட்டுக்காரரோடும் இருபது வயதில் இருந்த நம்மோடும் ஒப்பிட வேண்டாம்.

எனக்கு இன்றுவரை பத்மாசனம் வரவில்லை. ஆனால் தரையில் உட்கார்ந்தால் யார் கையையும் பிடிக்காமல் எழுந்திருக்கிறேன். பிள்ளைகள் ஒரு ஊரிலும் பெற்றவர்கள் ஒரு ஊரிலுமாக வாழும் நமக்கு அது சின்ன விஷயமா, சொல்லுங்கள்!