உஷார்! மேசைக்கடியில் தலைகீழாய்த் தொங்கும் மோட்டார்

மொட்டை மாடி அறையிலோ கார் ஷெட்டிலோ சின்னதாக ஒரு மரவேலைப் பட்டறை போட்டிருக்கிறீர்களா? ரவுட்டர் மேசைக்கு ஒரு லிஃப்ட் வாங்கலாம் என்று செல்போனில் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? வாங்கும் பொத்தானிலிருந்து முதலில் விரலை எடுங்கள். இதைப் படித்து முடித்த பிறகு அழுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

மரத்தில் பள்ளமும் விளிம்பும் கடையும் ரவுட்டரைக் கையில் பிடித்து மரத்தின் மேல் ஓட்டுவது ஒரு முறை. அதையே மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி, வெட்டும் பிட் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்க, மரத்தை அதன்மீது தள்ளி வேலை செய்வது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் பிட்டின் உயரத்தை மாற்ற ஒவ்வொரு தடவையும் மேசைக்கடியில் தலையை விட வேண்டியிருக்கும். அந்தத் தொல்லையைத் தீர்ப்பதுதான் லிஃப்ட். மேலிருந்தே ஒரு கைப்பிடியைச் சுழற்றினால் மோட்டார் ஏறும், இறங்கும். நல்ல சாதனம்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால் விளம்பரப் படத்தில் தெரிவது பளபளக்கும் அலுமினியத் தகடும் சிவப்பு, நீலச் சாயமும்தான். தெரியாதது என்ன? நாலைந்து கிலோ எடையுள்ள மோட்டார், நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுழன்று அதிர்ந்தபடி தலைகீழாகத் தொங்கப் போகிறது. அதைத் தாங்கப்போவது ஒரு கவ்வியும் ஒரு திருகுத் தண்டும். அந்தப் பிடி தளர்ந்தால் பிட் இடம் மாறும். பிட்டிலிருந்து சில அங்குல தூரத்தில் இருப்பது உங்கள் விரல்.

மோட்டார் உள்ளே போகுமா?

பலரும் ஏமாறுவது இங்கேதான். பெரும்பாலான லிஃப்டுகளுக்குள் முழு ரவுட்டர் போகாது. அடிப்பாகத்தைக் கழற்றி எடுத்த உருளை வடிவ மோட்டார் மட்டுமே போகும். வட அமெரிக்காவில் அப்படிக் கழற்றக்கூடிய நிலையான அடிப்பாக ரவுட்டர்கள் சர்வசாதாரணம். அதனால் ஜெஸ்எம், உட்பெக்கர்ஸ் போன்ற நிறுவனங்களின் பெரிய லிஃப்டுகள் போர்ட்டர்-கேபிள் 7518 போன்ற, 4.2 அங்குல (சுமார் 107 மி.மீ.) விட்டமுள்ள மோட்டாரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. 3.5 அங்குல (சுமார் 89 மி.மீ.) மோட்டார் என்றால் இடையில் ஒரு அடாப்டர் வளையம் வேண்டும்.

நம் ஊர்க் கடைகளில் ‘பெரிய ரவுட்டர்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ப்ளஞ்ச் வகை. இரண்டு தண்டுகளில் ஸ்பிரிங்கோடு ஏறி இறங்கும் மோட்டார் அது. அடிப்பாகத்தோடு பிணைந்திருப்பதால் தனியாக வெளியே வராது. ப்ளஞ்ச் ரவுட்டருக்கென்றே செய்த சில வகைகளைத் தவிர, மற்ற லிஃப்டுகளில் இது உட்காரவே உட்காராது. “எல்லா ரவுட்டருக்கும் பொருந்தும்” என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் நம்பாதீர்கள்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சீனத் தயாரிப்புகளில் நிறைய, 65 மி.மீ. விட்டமுள்ள, ட்ரிம்மர் எனப்படும் சிறிய ரவுட்டரின் மோட்டாருக்கானவை. மக்கிட்டா ஆர்டி 0700 போன்றவை அந்த அளவில் இருக்கின்றன. விலையைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு, 1,600 வாட் மோட்டாரை அதில் திணிக்கப் பார்க்காதீர்கள். கவ்வியைக் கடைந்து அகலப்படுத்தும் யோசனை அதைவிட மோசம். கடைந்த இடத்தில் உலோகம் மெலிந்து, பிடி பலவீனமாகிவிடும்.

எனவே வரிசை இதுதான்: முதலில் மோட்டார், பிறகு வெர்னியர் காலிப்பர், கடைசியில் லிஃப்ட். மோட்டார் உடலின் விட்டத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். உடல் நேர் உருளையா, ஒரு பக்கம் குறுகுகிறதா? காற்றுத் துவாரங்கள் எங்கே இருக்கின்றன? கவ்வி அவற்றை மூடிவிட்டால் மோட்டார் வெந்துபோகும். கவ்வி பிடிக்கும் இடத்தில் உடல் உலோகமா, பிளாஸ்டிக்கா? பிளாஸ்டிக் உடலை இறுக்கிப் பிடித்தால் நெளியும். மெல்லிய அலுமினிய உடலையும் அளவுக்கு மீறி முடுக்கினால் உள்ளே பேரிங் வரிசை கெட்டுவிடும்.

120 வோல்ட் கண்ணி

“லிஃப்டோடு சேர்த்து மோட்டாரையும் அமெரிக்காவிலிருந்தே வரவழைத்துவிடுகிறேன்” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மோட்டார்கள் 120 வோல்ட்டுக்கானவை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பிளக்கின் கால்களை மாற்றும் சிறு அடாப்டரைப் போட்டுச் சொருகினால், கொஞ்ச நேரத்திலேயே மோட்டார் புகைந்துவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 15 ஆம்பியர் மோட்டார் 1,800 வாட் வரை இழுக்கும் என்பதால் 2 கே.வி.ஏ.வுக்குக் குறையாததாக இருக்க வேண்டும். பட்டறையில் இன்னொரு கனமான பெட்டி, அதற்கொரு செலவு. கார்பன் பிரஷ் தேய்ந்தால் பக்கத்துக் கடையில் கிடைக்காது. சுங்க வரியும் கூரியர் கட்டணமும் தனி. இவ்வளவையும் கூட்டிப் பார்த்த பிறகும் ஆசை இருந்தால் வாங்குங்கள்.

ஆட்டம் இருந்தால் ஆபத்து

லிஃப்டின் உயிர் அதன் பூட்டில்தான் இருக்கிறது. உயரத்தை வைத்த பிறகு மோட்டாரை அசையாமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு சிலவற்றில் உண்டு. சிலவற்றில் வெறும் திருகின் உராய்வை நம்பி விட்டுவிடுகிறார்கள். பூட்டு இல்லாத லிஃப்டில், அதிர்விலேயே உயரம் கொஞ்சம் கொஞ்சமாக மாறக்கூடும். பத்து ரீப்பர் ஓட்டி முடித்துப் பார்த்தால் முதல் பள்ளத்துக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் ஆழம் ஒத்துப்போகாது. மரம் பாழானால் போகட்டும். பிட் எதிர்பாராமல் ஆழமாகக் கடித்தால் மரத்தைத் தூக்கி எறிந்துவிடும். அதன்மேல் வைத்திருந்த கை பிட்டின் மேல் போய் விழும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மோட்டார் ஏறி இறங்கும் வழித்தண்டுகளில் தூசி அடைந்திருந்தால், கைப்பிடியை இறக்கத்துக்குச் சுழற்றினாலும் மோட்டார் மேலேயே சிக்கி நிற்கும். மெஷினை ஓட விட்டதும் அதிர்வில் சட்டென்று கீழே இறங்கும். அதனால் உயரம் வைக்கும்போது தேவைக்குக் கீழே இறக்கிவிட்டு, கடைசித் திருப்பத்தை எப்போதும் ஏற்றமாகவே முடியுங்கள். அப்புறம் பூட்டுங்கள். பிட் ஓடிக்கொண்டிருக்கும்போது உயரத்தை மாற்றும் வேலையே வேண்டாம்.

தகடும் வளையமும்

வட அமெரிக்க லிஃப்டுகளின் தகட்டில் அதிகம் காணப்படுவது 9¼ × 11¾ அங்குலம் (235 × 298 மி.மீ.). 8¼ × 11¾ அங்குலத்திலும் (210 × 298 மி.மீ.) உண்டு. பார்சல் கைக்கு வரும் முன்பே மேசையில் ஓட்டை போட்டுவிடாதீர்கள். தகடு வந்த பிறகு அதையே வைத்துக் கோடு கிழித்து, மூலை வளைவையும் பார்த்து வெட்டுங்கள்.

தகட்டின்மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். நடுவில் குழிந்த தகட்டில் வெட்டும் ஆழம் இடத்துக்கு இடம் மாறும். பிட்டைச் சுற்றி வரும் வளையம் தகட்டை விட நூலிழை உயர்ந்திருந்தாலும் தள்ளும் மரம் அதில் தட்டி நிற்கும். மரம் நிற்கும், தள்ளும் கை நிற்காது. அதுதான் விபத்து. பெரிய ஓட்டை வளையத்தைப் போட்டு, சின்ன பிட்டை ஓட்டுவதும் தவறு. பிட்டுக்கு ஏற்ற சிறிய வளையமே பாதுகாப்பு.

18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை ஒன்றை மட்டும் மேசையாக வைத்து, அதில் இந்தக் கனத்தையெல்லாம் தொங்கவிட்டால் சில மாதங்களில் நடு தொய்ந்துவிடும். கடலோர ஊர்களின் ஈரக்காற்று அதற்குத் துணை போகும். இரண்டு பலகைகளை ஒட்டித் தடிமனாக்கி, இரு பக்கமும் மைக்கா ஒட்டி, அடியில் குறுக்குச் சட்டம் கொடுங்கள்.

0.7 மி.மீ.தானே என்று நினைக்காதீர்கள்

நம் சந்தையில் அங்குல பிட்டும் மில்லிமீட்டர் பிட்டும் கலந்து கிடக்கின்றன. 6 மி.மீ. தண்டும் கால் அங்குலத் தண்டும் (6.35 மி.மீ.) பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 12 மி.மீ.யும் அரை அங்குலமும் (12.7 மி.மீ.) அப்படித்தான். பிட்டின் தண்டைக் கவ்வும் அரை அங்குலக் கோலெட்டில் 12 மி.மீ. தண்டைப் போட்டு ஸ்பேனரால் இறுக்கினால் இறுகியதுபோலத் தோன்றும். சுழலும்போது பிட் நழுவி மேலேறும், அல்லது தெறித்துப் பறக்கும். கோலெட் எந்த அளவோ, அதே அளவுத் தண்டு மட்டுமே. தண்டை அடிமுட்டச் சொருகிவிட்டு, இரண்டு மூன்று மி.மீ. மேலே தூக்கி இறுக்க வேண்டும். முழுக்க ஏற்றிய நிலையில் கோலெட் நட்டு தகட்டுக்கு மேலே வந்து ஸ்பேனர் சுலபமாகப் பிடிக்கிறதா என்பதை வாங்கும் முன்பே விசாரியுங்கள். வராத லிஃப்டில் ஆட்கள் அரைகுறையாக இறுக்கிவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

அடுத்தது வேகம். மேசையும் லிஃப்டும் வந்த உற்சாகத்தில், கதவு பேனல் செய்யும் பெரிய பிட்டை வாங்கிவிடுவோம். 89 மி.மீ. விட்டமுள்ள பிட் நிமிடத்துக்கு 22,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு சுமார் 370 கி.மீ. வேகத்தில் பாய்கிறது. இவ்வளவு பெரிய பிட்டை 10,000 முதல் 12,000 சுற்றுக்குள்தான் ஓட்ட வேண்டும். 25 மி.மீ.க்கு உட்பட்ட சின்ன பிட்டுக்கு முழு வேகம் கொடுக்கலாம். 50 மி.மீ. அளவுக்கு 18,000-ஐத் தாண்டக் கூடாது. எதுவானாலும் பிட் தயாரிப்பாளர் குறித்திருக்கும் உச்ச வேகமே சட்டம். சில ப்ளஞ்ச் ரவுட்டர்களில் வேகத்தைக் குறைக்கும் வசதியே கிடையாது. அப்படிப்பட்ட மோட்டாருக்கு எவ்வளவு விலை உயர்ந்த லிஃப்ட் போட்டாலும் பெரிய பிட்டின் பக்கம் போகவே கூடாது.

கரன்ட் போய்த் திரும்பி வந்தால்?

மேசைக்கடியில் இருக்கும் ரவுட்டரின் சுவிட்சை எளிதில் தொட முடியாது. அதனால் சுவிட்சை ‘ஆன்’ நிலையிலேயே பூட்டி, அல்லது ஒரு கேபிள் டையால் இறுக்கிக் கட்டி, சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட்டில் போட்டு அணைக்கிறார்கள். வேலைக்கு நடுவில் கரன்ட் போகிறது. மெஷின் நின்றுவிட்டதே என்று பிட்டைக் கழற்றக் கையைக் கொண்டுபோகிறீர்கள். கரன்ட் வருகிறது. மேற்கொண்டு விவரிக்க வேண்டியதில்லை.

தீர்வு சுலபம். மின்சாரம் போனதும் தானே அணைந்து, திரும்பி வந்தாலும் பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை ஓடாத நோ-வோல்ட் சுவிட்ச் ஒன்றை மேசையின் முன்பக்கம், முழங்காலுக்கு எட்டும் இடத்தில் பொருத்துங்கள். மோட்டாரின் ஆம்பியரைத் தாங்குவதாக இருக்கட்டும். லிஃப்டுக்குப் பணம் இருக்கிறது, இந்தச் சுவிட்சுக்கு இல்லை என்றால் லிஃப்ட் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். பிட் மாற்றும்போதும் உயரம் வைக்கும்போதும் பிளக்கைப் பிடுங்கிப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள்.

மேலிருந்து கொட்டும் தூசி

தலைகீழான மோட்டாரின் மேல், வெட்டும் தூள் அத்தனையும் கொட்டும். காற்றுத் துவாரம் வழியே உள்ளே போகும், திருகுத் தண்டில் படியும். தண்டுக்கு எண்ணெயோ கிரீஸோ தடவினால் தூசி அதில் பசைபோல அப்பிக்கொள்ளும். உலர் மெழுகு போதும். மோட்டாரைச் சுற்றித் தூசிப் பெட்டி அடித்து, வாக்குவம் குழாய் செருகுங்கள். மோட்டார் குளிரக் காற்று வர வழியும் விடுங்கள். நுரையீரலையும் மறக்காதீர்கள். மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே முதல் பிரிவில் வகைப்படுத்திவிட்டது. முகக்கவசம், கண்ணாடி, காதடைப்பான் மூன்றும் வேண்டும்.

பெட்டியைப் பிரித்ததும்

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், மின்சாரம் கொடுக்காமலே இவற்றைச் சோதியுங்கள்:

• மோட்டாரைப் பொருத்தி, கீழிருந்து மேல்வரை முழுக்க ஏற்றி இறக்குங்கள். எங்காவது இறுகுகிறதா?

• கோலெட்டைக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். ஆட்டம் இருக்கிறதா?

• பூட்டைப் போடும்போது பிட்டின் நுனி உயரம் மாறுகிறதா? கால் மி.மீ. மாறினாலும் அந்த லிஃப்ட் வேண்டாம்.

• மூலைமட்டத்தைத் தகட்டில் நிறுத்தி, கோலெட்டில் இறுக்கிய நேரான தண்டோடு ஒட்டிப் பாருங்கள். பிட் செங்குத்தாக நிற்கிறதா?

• கைப்பிடியின் ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை மி.மீ. ஏறுகிறது என்று அளந்து தகட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

ஒன்றில் தவறினாலும் திருப்பி அனுப்புங்கள். “கொஞ்சம் ஓடினால் சரியாகிவிடும்” என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

உண்மையிலேயே தேவைதானா?

மாதத்துக்கு ஒரு போட்டோ ஃப்ரேம், எப்போதாவது ஒரு டிராயர் செய்பவருக்கு லிஃப்ட் அவசியமே இல்லை. ட்ரைட்டன் டிஆர்ஏ001 போன்ற சில ரவுட்டர்களில், மேசைக்கு மேலிருந்தே கைப்பிடியால் உயரம் மாற்றும் வசதி மெஷினிலேயே இருக்கிறது. பிட் மாற்ற வசதியாக, முழுக்க ஏற்றினால் மோட்டாரின் சுழல்தண்டு தானாகப் பூட்டிக்கொள்ளும். அப்படி ஒரு மெஷினும் ஒரு தட்டையான தகடும் இருந்தால் பலருடைய வேலை முடிந்தது.

லிஃப்ட் உயரத்தைத்தான் சரிசெய்யும். உங்கள் பழக்கத்தைச் சரிசெய்யாது. மரத்தை ஒட்டித் தள்ள உதவும் வழிகாட்டிப் பலகையான ஃபென்ஸைப் பார்த்து நின்று மரத்தை வலமிருந்து இடமாகவே தள்ள வேண்டும். பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் மரத்தை நுழைக்கவே கூடாது. சிறு துண்டுகளைத் தள்ளுகட்டையால் தள்ள வேண்டும். ஒரே ஓட்டத்தில் முழு ஆழத்தையும் எடுக்காமல் இரண்டு மூன்று ஓட்டமாகப் பிரிக்க வேண்டும். இந்த விதிகள் லிஃப்ட் இல்லாத மேசைக்கும் உண்டு, லட்ச ரூபாய் மேசைக்கும் உண்டு.

ஆகவே, மோட்டார் கையில் இல்லாமல் லிஃப்ட் வாங்காதீர்கள். விட்டம் அளக்காமல் வாங்காதீர்கள். பூட்டு இல்லாததை வாங்கவே வாங்காதீர்கள். நோ-வோல்ட் சுவிட்ச் பொருத்தாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும், இந்த மாதம் அந்தப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.