பழைய கணினியில் தமிழ்: கேள்விக்குறிகளாக மாறாமல் காப்பது எப்படி?

மலாக்கா – கோயில் ஆண்டறிக்கையை இரவெல்லாம் கண்விழித்துத் தட்டச்சு செய்து சேமித்து வைக்கிறோம். மறுநாள் திறந்தால் பக்கம் முழுக்கக் கேள்விக்குறிகள். ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டப்புற வீடுகளில் இன்னும் விண்டோஸ் 7 கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதாக இருக்காது. வைரஸ் புகுந்துவிட்டது என்று பலர் நினைப்பார்கள். காரணம் அதுவல்ல.

விண்டோஸ் 7-இல் உள்ள ‘நோட்பேட்’ செயலி, நாமாக மாற்றாதவரை ‘ஆன்சி’ என்ற பழைய குறியீட்டு முறையில்தான் கோப்பைச் சேமிக்கும். அதில் மொத்தம் 256 இடங்களே உள்ளன. தமிழுக்கு அதில் இடமில்லை. சேமிக்கும்போது ஓர் எச்சரிக்கை தோன்றும். அதைப் படிக்காமல் ‘ஓகே’ அழுத்தினால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். கோப்பை மூடிய பிறகு அவற்றை மீட்க முடியாது.

உடனடித் தீர்வு எளிது. ‘சேவ் ஏஸ்’ சென்று, கீழே ‘என்கோடிங்’ என்ற இடத்தில் ‘யுடிஎஃப்-8’ தேர்வு செய்யுங்கள். இது யூனிகோட் எனும் ஒருங்குறி முறை. தமிழ் 1991 முதலே அதில் இடம்பெற்றுள்ளது.

ஒவ்வொரு முறையும் இதை நினைவில் வைத்திருப்பது சிரமம் என்றால், ‘நோட்பேட் பிளஸ் பிளஸ்’ என்ற இலவச எழுதுசெயலியை நிறுவிக்கொள்ளலாம்.

1. ‘கம்ப்யூட்டர்’ மீது வலது சொடுக்கி, ‘புரொப்பர்ட்டிஸ்’ பகுதியில் கணினி 32 பிட்டா, 64 பிட்டா என்று பாருங்கள். ஐயமிருந்தால் 32 பிட் பதிப்பு போதும். அது இரண்டிலும் இயங்கும்.

2. செயலியின் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள். பழைய உலாவியில் தளம் திறக்காவிட்டால் கைப்பேசியில் இறக்கி, கேபிள் வழி கணினிக்கு மாற்றலாம். கோப்பு சில மெகாபைட் அளவே.

3. கோப்பை இருமுறை சொடுக்கி, ‘நெக்ஸ்ட்’ அழுத்திக்கொண்டே சென்றால் நிறுவல் முடிந்துவிடும். புதிய பக்கத்தின் வலது கீழ்மூலையில் ‘யுடிஎஃப்-8’ என்று இருக்கிறதா என உறுதிசெய்யுங்கள்.

விசைப்பலகை தனி விஷயம். விண்டோஸ் 7-இல் உள்ள தமிழ் விசைப்பலகை, தமிழ்99 முறையில் அமைந்ததல்ல. தமிழ்99 பழகியவர்கள் அதற்கெனத் தனி மென்பொருள் நிறுவ வேண்டும். நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு மென்பொருள் இத்துறையில் முன்னோடி. இலவசமாகக் கிடைக்கும் எ-கலப்பையும் உண்டு.

பழைய பள்ளி மலர், சங்கக் குறிப்புகளைத் திறக்கும்போது ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள். அவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவையாக இருக்கலாம். எழுத்துரு மாற்றிகள் வழி அவற்றை ஒருங்குறிக்குக் கொண்டுவர முடியும். கேள்விக்குறி என்றால் எழுத்து போய்விட்டது. ஆங்கிலக் குழப்பம் என்றால் எழுத்து இன்னும் உள்ளே இருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. அந்தக் கணினியை எழுதுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். எழுதியதை மாதம் ஒருமுறையாவது பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். தோட்டம் கைமாறினாலும், கணினி பழுதானாலும், அந்தக் கோயில் கணக்கும் பள்ளிக் குறிப்பும் அடுத்த தலைமுறைக்குத் தமிழிலேயே கிடைக்கட்டும்.