நீலி தொடுத்த வழக்கு

அழுகின்றவரின் கண்ணீரை நம்பாதீர்கள் என்று சொல்லத் தமிழில் ஒரே சொல் போதும்: நீலிக்கண்ணீர். மேடையில் ஓர் அரசியலர் மற்றவரைச் சாடவும், ஊர்க்கூட்டத்தில் முறையிட வந்த பெண்ணை வாயடைக்கவும் அச்சொல் பயன்படுகிறது. பொய்யழுகை என்று அதற்குப் பொருள் கொள்கிறோம். அச்சொல்லுக்குள் ஒரு கொலை புதைந்து கிடப்பதும், கொல்லப்பட்டவளே பொய்யழுகைக்காரி என்ற பெயரைச் சுமப்பதும் பெரும்பாலோர் நினைவில் இல்லை.

நீலியின் ஊர் பழையனூர். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் மணவூருக்கு அடுத்த நிலையம் திருவாலங்காடு; அதனை ஒட்டியதே பழையனூர். தனிமனிதர் சமூக விதியோடு மோதும் கதைகள் நம் பழைய இலக்கியத்தில் பல உண்டு. எனினும் அம்மோதல் ஒரு நீதிமன்றக் காட்சியாகவே நிகழும் கதைகள் சில. அவற்றுள் இது முதன்மையானது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கதை பல வடிவங்களில் வழங்குகிறது. பொதுவான போக்கு இது. ஓர் அந்தணன் தன்னை நம்பி உடன் வந்த பெண்ணைக் காட்டுவழியில் கொன்றுவிடுகிறான். தொண்டைநாட்டு வழக்கில் அவள் அவன் மணந்த மனைவி. தென்மாவட்டங்களில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் வடிவத்தில் அவள் ஒரு தேவதாசி, கொலை அவள் நகைக்காக நிகழ்ந்தது. மறுபிறப்பில் அவன் வணிகனாகிறான். அவள் நீலி என்னும் பேயாகிறாள். பழையனூர்ப் பக்கம் வரும் வணிகன்முன் அவனுடைய மனைவியின் உருவில், இடுப்பில் குழந்தையோடு தோன்றுகிறாள். அக்குழந்தை உண்மையில் ஒரு கள்ளிக்கொப்பு என்கிறது வில்லுப்பாட்டு. அவன் அஞ்சியோடி ஊர் வேளாளரிடம் அடைக்கலம் புகுகிறான். அவளும் பின்தொடர்ந்து வந்து, கணவன் தன்னையும் பிள்ளையையும் கைவிட்டான் என்று அழுது முறையிடுகிறாள். பிள்ளை அவனிடம் தாவுகிறது. வேளாளர் எழுபதின்மர் கூடி ஆராய்ந்து, இருவரும் அன்றிரவு ஓரிடத்தில் தங்க வேண்டும் என்கின்றனர். தீங்கு நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருவோம் என்று வணிகனுக்கு வாக்களிக்கின்றனர். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாது தீப்பாய்கின்றனர்.

இக்கதையில் வழக்கமாகக் கவனிக்கப்படாமல் போகும் செய்தி ஒன்று உண்டு. நீலியின் உண்மையான குற்றச்சாட்டு, தன்னைக் கொன்றான் என்பது. அவள் மன்றத்தில் வைத்த குற்றச்சாட்டோ, தன்னைக் கைவிட்டான் என்பது. ஏன் மாற்றினாள்? கைவிடப்பட்ட மனைவியின் முறையீட்டை விசாரிக்க அந்த ஊர்மன்றத்துக்கு நெறிமுறை இருந்தது. காட்டில் கொல்லப்பட்ட பெண்ணின் முறையீட்டை விசாரிக்க எந்த மன்றமும் இல்லை. முதற்பிறவியில் நிகழ்ந்த கொலைக்காக எவரும் அவனைக் கேள்வி கேட்டதாக எந்த வடிவமும் சொல்லவில்லை. ஆகவே அவள், கேட்கப்படக்கூடிய வழக்கின் பெயரில் கேட்கப்படாத வழக்கைக் கொண்டுவந்தாள். பொய்ச்சான்று வைத்தாள் என்பது உண்மை. மெய்ச்சான்றை ஏற்கும் இடம் இருந்திருந்தால் கள்ளிக்கொப்புக்கு வேலை இருந்திராது.

இன்னொன்று. மன்றம் அவளை நம்பியது. இக்கதையின் நஞ்சே அங்குதான் இருக்கிறது. கேட்போராகிய நமக்கு அவள் பேய் என்பது தொடக்கத்திலேயே தெரியும், எழுபதின்மருக்குத் தெரியாது. எனவே கதை முழுவதும் நம் மனம், இவளை நம்பிவிடாதீர்கள் என்று அவர்களை நோக்கிக் கூவிக்கொண்டிருக்கிறது. அழும் பெண்ணை நம்பியதால் எழுபது நல்லோர் அழிந்தனர் என்பதே கேட்போர் எடுத்துச் செல்லும் பாடமாகிறது. கொலைகாரன் அப்பாவி வழிப்போக்கனாகிவிடுகிறான். கொலை வெறும் முன்கதையாகச் சுருங்குகிறது.

இது பிற்காலத்தார் செய்த திரிபு என்று தள்ளவும் முடியாது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் திருவாலங்காட்டில் பாடிய பதிகத்தின் முதற்பாட்டே இந்நிகழ்ச்சியைக் குறிக்கிறது. அங்கேயே அவள் வஞ்சனையால் உயிர் கொண்ட ஒருத்தியாகத்தான் இருக்கிறாள். அவள் பட்டது அங்கே இல்லை. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம், சேக்கிழார் பிறந்த குலத்தின் பெருமையைச் சொல்லும்போது பழையனூர் வேளாளரின் வாய்மையைச் சான்றாகக் காட்டுகிறார். ஒரு பெண்ணின் கொலையில் தொடங்கிய கதை, ஒரு குலத்தின் புகழுரையாக முடிந்தது. அவர்கள் உயிர் கொடுத்ததும் வணிகனுக்குத் தந்த வாக்குக்காகவே என்பதை மறக்கலாகாது.

அம்மன்றத்துக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு குறிப்பு கதைக்கு வெளியே கிடைக்கிறது. முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், பிரமதேயமாக இருந்த பழையனூரை வேளாண்வகையாக மாற்றித் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்ததைப் பதிவு செய்கின்றன. ஊர் கைமாறுவது என்றால் அந்தணர் கையிலிருந்து வேளாளர் கைக்கு. நீதி சொல்வதும் நிலம் வைத்திருப்பதும் ஒரே வட்டத்துக்குள் நடந்தன. கதையில் நீதி சொன்னவர்களுக்கு எழுபது என்று எண்ணிக்கை உண்டு. அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களுக்கு எண்ணிக்கைகூட இல்லை. அவர்கள் மன்றத்தின் ஓரத்தில் நின்றதாகவும் ஒரு வரி இல்லை.

நீலியை வேறு விதமாகச் சொன்ன நூல் ஒன்று நம்மிடம் உண்டு. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசி அது. சமணர் இயற்றிய அந்நூலில், முனிவர் ஒருவரின் அறிவுரையால் உயிர்ப்பலி நின்றுபோகவே, அவரைத் துரத்தப் பழையனூர் நீலி அழைக்கப்படுகிறாள். அச்சுறுத்த வந்தவள் அவரிடம் அறம் கேட்டு மாணவியாகிறாள். பின்னர் ஊர் ஊராகச் சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் என்று எல்லாரையும் வாதில் வெல்கிறாள். வேதவாதச் சருக்கத்தில் வேள்விக் கொலையை மட்டுமல்லாது, பிறப்பால் உயர்வு தாழ்வு வகுப்பதையும் மறுத்துரைக்கிறாள். அழுது முறையிட்ட பேய்க்கு இங்கே தருக்கம் பேசும் நாவு கிடைத்தது. வாமன முனிவரின் உரையோடு இந்நூலை 1936இல் அ. சக்கரவர்த்தி பதிப்பித்தார். ஆயினும் பழகிப்போன மொழியில் நீலி என்றால் வஞ்சகி. வாதம் செய்தவளைத் தமிழ் இலக்கியம் படித்தோரிலும் சிலரே அறிவர். நீலகேசியிலும் ஒரு முனிவர் அவளை முதலில் அடக்க வேண்டியிருந்தது என்பதையும், அவள் பட்ட கொடுமை அங்கும் வழக்காகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

திருவாலங்காட்டில் இன்னொரு பேயும் உண்டு. அவர் காரைக்கால் அம்மையார். மாங்கனி அற்புதத்தைக் கண்டு அஞ்சிய கணவன் வேற்றூருக்குப் போய் வேறு மணம் செய்துகொண்டான். பின்னர்ச் சந்தித்தபோது அவர் காலில் விழுந்தான். கணவனுக்கென்று சுமந்த உடலின் தசையை உதறிப் பேயுரு வேண்டிப் பெற்று, தலையால் நடந்து கயிலை சென்று, இறுதியில் திருவாலங்காட்டுக்கு வந்தார். மனைவி என்னும் விதியை மீறிய இருவருள் ஒருவர் அறுபத்து மூவருள் இடம் பெற்றார், மற்றவள் வசைச்சொல்லானாள். காரணம் எளிது. அம்மையார் எவர்மேலும் வழக்குத் தொடுக்கவில்லை. தம்மையே அழித்துக்கொண்டு ஒதுங்கினார். ஒதுங்குகின்றவரைச் சமூகம் வணங்கும். கணக்குக் கேட்பவரை வணங்குவது கடினம்.

கண்ணகி கணக்குக் கேட்டாளே, அவளைத் தெய்வமாக்கினார்களே என்று வினவலாம். அவள் கேட்டது கணவனுக்காக. உடைத்துக் காட்ட அவளிடம் சிலம்பும் இருந்தது. கணவனுக்காக அரசவை ஏறியவள் பத்தினி. கணவனுக்கு எதிராக மன்றம் ஏறியவள் பேய். மதுரையை எரித்த தீயும் பார்ப்பனரையும் பசுவையும் பத்தினிப் பெண்டிரையும் விட்டு எரியுமாறு பணிக்கப்பட்டது. அரசனை எதிர்த்த அச்சினத்துக்குள்ளும் வருணத்தின் வரிசை குலையவில்லை. கிரேக்க நாடகத்தின் ஆன்டிகனி அரசாணையை மீறித் தமையனைப் புதைத்தபோது, தன் செயலுக்கான காரணத்தை அரசன் முகத்துக்கு நேரே அவளே எடுத்துரைக்க முடிந்தது. நீலிக்கு அந்த வாய்ப்பையும் நம் கதைசொல்லிகள் தரவில்லை.

தீ என்றதும் நந்தனைப் பேசாமல் இருக்க இயலாது. அதற்கும் மணவூரிலிருந்தே ஒரு வழி இருக்கிறது. முதற்குலோத்துங்கன், விக்கிரமசோழன் காலத்தில் பெரும்பதவி வகித்தவன் மணவில் கூத்தன் காலிங்கராயன் என்னும் நரலோகவீரன். மணவில் என்பது இந்த மணவூரே என்பது ஆய்வாளர் கருத்து. தில்லையில் அவன் செய்த திருப்பணிகளை அக்கோயிலின் கல்வெட்டுப் பாடல்கள் அடுக்கிச் சொல்கின்றன. பொன்னும் கல்லும் கொடுத்தவன் பெயர் சுவரில் நிற்கிறது. அதே நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில், கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்த ஆதனூர் நந்தன், அதே தில்லையின் எல்லையில் நின்று உள்ளே போக வகையறியாது கலங்குகிறார். தீயில் மூழ்கி, பூணூல் மார்பினராக எழுந்த பின்பே வாயில் திறக்கிறது. இதனைப் பக்தியின் வெற்றி என்று சொல்லிச் சொல்லியே பழக்கிவிட்டார்கள். நுழைவுரிமை நந்தனுக்குக் கிடைக்கவில்லை. நந்தன் இல்லாமற்போனபின் எழுந்த ஒருவருக்குக் கிடைத்தது. நந்தன் மன்னனாக இருந்த பௌத்தன் என்று அயோத்திதாசப் பண்டிதர் வாதிட்டதன் தேவையை இங்கிருந்து பார்த்தால் விளங்கும். வரலாற்றுச் சான்றைப் பற்றிக் கருத்து வேறுபடலாம். எரிக்கப்படாத ஒரு நந்தன் அவருக்கு வேண்டியிருந்தான்.

சேக்கிழாரின் கதையில் பண்ணையார் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி நாற்பது வேலி நிலத்தோடு வேதியர் ஒருவரைக் கொண்டுவந்த பின்புதான் நந்தனை யார் தடுத்தார் என்பதற்கு ஒரு முகம் கிடைத்தது. அதுவரை தடுத்தது விதி, விதிக்கு முகமில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று கடந்துபோக முடியாதபடி, நம்பத்தக்கவர் யார் என்ற கேள்வி இக்காலத் தீர்ப்புகளிலும் அப்படியே இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டனர். விசாரணை நீதிமன்றம் பண்ணையார்களுக்குத் தண்டனை அளித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெருநிலமும் வசதியும் உடையவர்கள் தாங்களே நேரில் நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்பது அத்தீர்ப்பு கூறிய காரணங்களுள் ஒன்று. பழையனூர் மன்றம் தன் சொல்லுக்காகத் தானே தீயில் இறங்கியது என்கிறது கதை. வெண்மணித் தீயில் இறந்தவர்கள் நீதி கேட்கும் பக்கத்தில் இருந்தவர்கள்.

2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று கூறி, வழக்குப் பதிவதற்குமுன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்றும், கைதுக்கு முன் ஒப்புதல் பெற வேண்டும் என்றும் வழிகாட்டியது. குற்றவியல் சட்டங்கள் எல்லாவற்றிலும் பொய்ப்புகார்கள் உண்டு. புகார் கொடுப்போரையே முதலில் ஐயுறும் ஏற்பாடு இச்சட்டத்துக்கு மட்டும் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வியோடு ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது, உயிர்கள் பறிபோயின. அவ்வாண்டே நாடாளுமன்றம் 18அ பிரிவைச் சேர்த்து முதற்கட்ட விசாரணையும் ஒப்புதலும் தேவையில்லை என்றாக்கியது. 2019 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றமே அவ்வழிகாட்டல்களைத் திரும்பப் பெற்றது. ஒரு பிரிவு மக்களை மொத்தமாகப் பொய் சொல்பவர்கள் என்று கருதுவது மனித மாண்புக்கு எதிரானது என்பது அதன் நிலைப்பாடு.

நீலியின் கதை தென்கோடியில் இன்னொரு திருப்பம் கண்டது. அங்கே அவள் இசக்கி. குமரி, நெல்லைப் பகுதிகளில் பெண்கள் பிள்ளைப்பேறு வேண்டி அவளை வழிபடுகின்றனர். கையில் குழந்தையோடு அவள் நிற்கிறாள். மன்றத்தில் பொய்ச்சான்றாகக் காட்டப்பட்ட அதே குழந்தைதான் அது. அவளை வணங்கும் பெண்களுக்கு அது கள்ளிக்கொப்பாகத் தெரியவில்லை.

காவல் நிலையத்தில் நிலைமை வேறு. புகார் கொடுத்த பெண்ணிடம், விசாரணை தொடங்குமுன்பே எத்தனை பேர் சொல்லிக்கொடுத்து வந்தாய் என்று கேட்பதும், பிழையான புகார் என்று எழுதி வழக்கை முடிப்பதும் களத்தில் பணியாற்றுவோர் அறிந்தவையே. 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15அ பிரிவின்படி, பிணை, விடுவிப்பு, தண்டனை முதலிய ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவருக்குத் தம் தரப்பை எடுத்துரைக்கும் உரிமை உண்டு. பிணை மனு விசாரணைக்கு வருவதை முன்கூட்டியே அவருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கப்படவில்லையெனில் அதனையே காரணமாகக் காட்டிப் பிணையை எதிர்த்து முறையிடலாம்.