நீச்சல் குளத்துக்கு ஏழு மாச லீவு!

நம்ம ஊர்ல நீச்சல்னா கிணறுதான். இடுப்புல கயிறு கட்டி, மாமாவோ சித்தப்பாவோ பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினா மேட்டர் ஓவர். தண்ணி இருந்தா குதிப்போம், வத்தினா கிரிக்கெட் ஆடக் கிளம்பிடுவோம். கிணத்தை மூட ஒரு சீசன், திறக்க ஒரு சீசன்னு யாராவது சொல்லியிருந்தா, 'என்ன பாஸ், உடம்பு சரியில்லையா?'ன்னு கேட்டிருப்பேன்.

படிக்கிறதுக்காக கனடா போனதும் அந்தக் கிண்டல் எல்லாம் காலி. டொரன்டோ பக்கத்துல பிராம்டன்ல, யாழ்ப்பாணத்து அங்கிள் ஒருத்தரோட வீட்டு பேஸ்மென்ட்தான் நமக்கு ஜாகை. பின்பக்கம் 32 அடி நீளம், 16 அடி அகலத்தில் ஒரு நீச்சல் குளம். சுமார் 70,000 லிட்டர் தண்ணி. நம்ம ஊர் 12,000 லிட்டர் டேங்கர் லாரின்னா ஆறு லாரி! செப்டம்பர்ல போய் இறங்கினேன். ரெண்டே ரெண்டு தடவை குதிச்சேன். அக்டோபர் பிறந்ததும் அங்கிள் வந்து நின்னார். "தம்பி, இந்தச் சனிக்கிழமை உமக்கு வேலை ஏதும் இருக்கோ? பூலை மூடவேணும்."

'இவ்வளவுதானா? ஒரு தார்ப்பாயை இழுத்துப் போட்டா முடிஞ்சது'ன்னு நினைச்சேன். ஒரு நாள் பூரா பெண்டு நிமிர்ந்திடுச்சு.

எதுக்குய்யா மூடணும்?

பிளஸ் டூ பிசிக்ஸை ஒரு நிமிஷம் ரீவைண்ட் பண்ணுங்க. தண்ணி குளிரக் குளிரச் சுருங்கும். ஆனா 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனா உல்டாவா விரிய ஆரம்பிக்கும். உறையும்போது சுமார் 9 சதவிகிதம் பெருசாகும். அதாவது 10 லிட்டர் தண்ணி கிட்டத்தட்ட 11 லிட்டர் ஐஸ். தண்ணி பாட்டிலை ஃப்ரீசர்ல மறந்து வச்சுட்டு, உப்பிப்போய் எடுத்திருப்பீங்களே... அதே கதைதான்.

குளத்துக்குள்ள இருக்கிற தண்ணியால பெரிய தொல்லை இல்லை. ஐஸ் மேலே மிதக்கும். விரியவும் இடம் இருக்கு. மாட்டிக்கிறது குழாய்தான். ரெண்டு பக்கமும் அடைபட்டு நடுவுல நிக்கிற தண்ணி உறைஞ்சா, பி.வி.சி. பைப் பிளந்துக்கும். டொரன்டோ பகுதியில தரைக்குக் கீழே சுமார் நாலடி வரை உறையலாம்னு கணக்கு வச்சுத்தான் கட்டடங்களுக்கே அஸ்திவாரம் போடறாங்க. குளத்துக் குழாய்கள் அந்த ஆழத்துக்கு மேலேதான் ஓடும்.

'அப்போ மொத்தத் தண்ணியையும் இறைச்சுட்டா?' இதைத்தான் நானும் புத்திசாலித்தனமா கேட்டேன். கூடாது. சுத்தி இருக்கிற நிலத்தடி நீர் வெளியிலிருந்து அழுத்திக்கிட்டே இருக்கும். உள்ளே இருக்கிற தண்ணியோட கனம்தான் அதுக்குப் பதில் சொல்லுது. காலி பண்ணினா ஃபைபர் குளம் படகு மாதிரி மேலே கிளம்பலாம். வினைல் விரிப்பு போட்ட குளம்னா விரிப்பு சுருங்கிப்போகும், சுவரே உள்பக்கம் சாயலாம்.

ஸ்டெப் பை ஸ்டெப்

தண்ணியோட சூடு 18 டிகிரிக்குக் கீழே இறங்கினதும் வேலையை ஆரம்பிக்கலாம். அதுக்கு முன்னாடியே மூடினா பாசி குஷியாயிடும். அங்கே அக்டோபர் ரெண்டாவது திங்கள்கிழமை தேங்க்ஸ்கிவிங் லீவு. அந்த லாங் வீக்எண்டுல நிறைய வீட்டுல இதே வேலைதான்.

முதல்ல இலை, தழை, பூச்சி எல்லாத்தையும் அரிச்சு எடுக்கணும். அப்புறம் தண்ணிக்கு லேப் டெஸ்ட். பி.ஹெச். 7.2-லிருந்து 7.8-க்குள்ள, ஆல்கலினிட்டி 80-லிருந்து 120 பி.பி.எம். வரை. பி.ஹெச். ஏறினா குளோரினோட வீரியம் இறங்கிடும். அதனால இதைச் சரி பண்ணிட்டுத்தான் குளோரினைத் தூக்கலாப் போடறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தண்ணியிலதான் கெமிக்கலைப் போடணும்; கெமிக்கல் மேல தண்ணியை ஊத்தக் கூடாது. ரெண்டு வகைக் குளோரினை ஒண்ணாக் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். ஆசிட் பட்டா விஷவாயு. லேப்ல அசிஸ்டென்ட் கத்துவாரே, அதெல்லாம் சும்மா இல்லை மக்கா!

அடுத்து, மேல்மட்டத்துல தண்ணியை உறிஞ்சுற ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே வரைக்கும் தண்ணியை இறக்கணும். அந்தத் தண்ணியைத் தெருவுல மழைநீர் போற சாக்கடையில விட்டா ஓடைக்கும் ஏரிக்கும் போய் மீனைக் கொல்லும். அங்கிள் இதுல ரொம்ப கறார்.

இனிதான் மெயின் பிக்சர். ஒவ்வொரு குழாயிலயும் கம்ப்ரஸர் வச்சுக் காத்தடிக்கணும். மறுமுனையில முதல்ல தண்ணி தள்ளும், அப்புறம் குபுகுபுன்னு குமிழி, கடைசியில வெறும் காத்து. அந்த நொடியில ரப்பர் பிளக்கைத் திருகி மூடிடணும். குளத்தின் அடியில இருக்கிற மெயின் டிரெயினுக்கு பிளக் போட முடியாதே? அதுல குமிழி வர வரைக்கும் அடிச்சுட்டு, மேலே வால்வை மூடிடுவாங்க. உள்ளே சிக்கின காத்து தண்ணியைத் திரும்பி வர விடாது. ஸ்கிம்மருக்குள்ள ஒரு காலி பிளாஸ்டிக் குழலை இறக்கி வைப்பாங்க. ஐஸ் நெருக்கும்போது அது நசுங்கி ஸ்கிம்மரைக் காப்பாத்தும்.

பம்ப், ஃபில்டர், ஹீட்டர் மூணுலயும் டிரெயின் பிளக்கைக் கழட்டித் தண்ணியை வடிக்கணும். கழட்டின பிளக்கை பம்ப் கூடைக்குள்ளேயே போட்டுட்டா மே மாசம் தேட வேண்டாம். சந்தேகமான பைப்புக்கு பிங்க் கலர் ஆன்டிஃப்ரீஸ். காருக்கு ஊத்துறதை இங்கே ஊத்தக் கூடாது, அது விஷம்.

கடைசியா கவர். கான்கிரீட்ல பதிச்ச பித்தளை ஆணிகள்ல ஸ்பிரிங் மாட்டி விறைப்பா இழுக்கிற சேஃப்டி கவர்னா சுமார் 220 கிலோ தாங்குற மாதிரி செஞ்சிருப்பாங்க. அதுக்காக மேல ஏறி நடந்து பார்க்காதீங்க. சும்மா விரிக்கிற தார்ப்பாய் இன்னும் ஆபத்து. அதுமேல தேங்கற மழைத்தண்ணியே ஒரு குழந்தைக்கு எமன்.

நான் பண்ணின சொதப்பல்

எங்க குளத்துல மூணு ரிட்டர்ன் குழாய். ரெண்டுக்கு ஒழுங்காக் காத்தடிச்சுட்டேன். படிக்கட்டு ஓரத்துல இருந்த மூணாவதுக்கு வரும்போது மணி நாலரை. அஞ்சு மணிக்கு காபி கடையில ஷிஃப்ட். அங்கிள் கவர் எடுக்க கராஜுக்குப் போயிருந்தார். லேசாக் குமிழி வந்துச்சு. போதும்னு பிளக்கைத் திருகிட்டேன்.

அங்கிள் வந்து கேட்டார். "எல்லாத்துக்கும் வடிவா காத்தடிச்சனீரோ?"

"ஓம் அங்கிள்."

ஜனவரியில மைனஸ் 20. பேஸ்மென்ட்ல ரெண்டு கம்பளிக்குள்ள படுத்திருந்தாலும் தூக்கம் வரலை. தலைக்கு அந்தப் பக்கம், மண்ணுக்குள்ள, அந்த மூணாவது பைப்! ஃபோனை எடுத்து மேல் வீட்டுக்குச் சொல்லலாம். ஆனா அப்போ சொல்லி என்ன பிரயோஜனம்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

மே மாசம் குளத்தைத் திறந்து பம்ப்பைப் போட்டாங்க. தினமும் தண்ணி இறங்குச்சு. ஆள் வந்து ஒவ்வொரு பைப்பா பிரஷர் டெஸ்ட் பண்ணினார். மூணாவது பைப்பில் பிரஷர் நிக்கவே இல்லை. கான்கிரீட் தளத்தை அறுத்துத் தோண்டினப்போ, விரல் நீளத்துக்கு ஒரு பிளவு.

அன்னிக்கு ராத்திரி மேலே போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். வாடகையோட சேர்த்து மாசாமாசம் கட்டிடறேன்னும் சொன்னேன். அங்கிள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "காசை விடும் தம்பி. அண்டைக்கே சொல்லியிருந்தா பத்து நிமிஷ வேலை. நேரமில்லையெண்டால் நேரமில்லை எண்டு சொல்லவேணும்"னார். திட்டியிருந்தாக்கூட பரவாயில்லைன்னு இருந்துச்சு.

நான் அந்தப் பணத்தை நாலு மாசமா கொடுத்து முடிச்சேன். அவர் வேண்டாம் வேண்டாம்னுதான் வாங்கினார்.

அடுத்த அக்டோபர். இந்தத் தடவை என்னைக் கூப்பிட மாட்டார்னு நினைச்சேன். கதவைத் தட்டினார். கம்ப்ரஸர் ஹோஸைக் கையில கொடுத்து, படிக்கட்டு ஓரத்துல இருக்கிற அதே குழாயைக் காட்டினார். "இதிலயிருந்து தொடங்கும்" என்று சொல்லிட்டு கவர் எடுக்க கராஜுக்குப் போயிட்டார்.

அன்னிக்கும் எனக்கு அஞ்சு மணிக்கு ஷிஃப்ட்தான். காலையிலேயே ஃபோன் பண்ணி லீவு சொல்லியிருந்தேன்.