தளவமைப்பு இடமாற்றம் (தொகுப்புச் சுற்று)

தளவமைப்பு இடமாற்றம் என்பது தொகுப்புச் சுற்று வடிவமைப்பு மென்பொருளில், ஒரு சில்லின் தளவமைப்பு (லேஅவுட்) முழுவதையுமோ அதன் ஒரு பகுதியையோ வேறிடத்துக்கு நகர்த்தும் செயல் ஆகும். திரையில் பார்ப்பவருக்கு இது படம் வரையும் மென்பொருளில் ஒரு வடிவத்தை இழுத்து வைப்பது போலவே தோன்றும். ஆனால் தளவமைப்பில் உள்ள ஒவ்வொரு செவ்வகமும் சிலிக்கான் வில்லையின் மீது உருவாகப் போகும் ஓர் அடுக்கின் அச்சு ஆகும். இரண்டு செவ்வகங்கள் தொட்டுக்கொண்டால் அங்கே மின்னிணைப்பு உண்டாகிறது. விலகினால் இணைப்பு அறுகிறது. எனவே இடம் மாறும்போது சுற்றும் மாறக்கூடும். மாஸ்க் தகடுகள் செய்யப்பட்ட பின்னர் இத்தகைய பிழையைத் திருத்தப் புதிய தகடுகளே செய்ய வேண்டும்.

வரலாறு

கணினித் திரைகள் பரவலாவதற்கு முன்பு தளவமைப்புகள் ரூபிலித் எனும் சிவப்புப் படலத்தில், உண்மை அளவைவிடப் பல மடங்கு பெரிதாக, கத்தியால் வெட்டி உரிக்கப்பட்டன. 1971 இல் வெளிவந்த இன்டெல் 4004 நுண்செயலியும் இம்முறையில் உருவானதே. அக்காலத்தில் ஒரு பகுதியை நகர்த்துவது என்றால் அதனை மீண்டும் வெட்டுவது என்று பொருள்.

1978 இல் கால்மா நிறுவனம் கொண்டுவந்த ஜிடிஎஸ்-2 கோப்பு வடிவம் தளவமைப்புகளை ஆயத்தொலைவு எண்களாகச் சேமித்தது. இவ்வடிவம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

இடமாற்றத்தைத் தனிச் சிக்கலாக எடுத்து ஆராய்ந்த மென்பொருள்களுள் மேஜிக் குறிப்பிடத்தக்கது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் ஜான் ஔஸ்டர்ஹவுட்டும் அவருடைய மாணவர்களும் 1980களின் முற்பகுதியில் இதனை உருவாக்கினர். மேஜிக் மென்பொருள் வரைந்த வடிவங்களை மட்டுமன்றி, அவற்றுக்கு இடையேயுள்ள வெற்றிடத்தையும் செவ்வகங்களாகப் பிரித்துச் சேமிக்கிறது. ஒரு கம்பியின் வலப்புறம் எவ்வளவு இடம் காலியாக உள்ளது என்பதை அறிய, தளவமைப்பு முழுவதையும் தேட வேண்டியதில்லை. பக்கத்துச் செவ்வகத்தைப் பார்த்தாலே போதும்.

இந்த அமைப்பைக் கொண்டு வால்ட்டர் ஸ்காட்டும் ஔஸ்டர்ஹவுட்டும் 1984 இல் 'பிளோயிங்' என்ற செயலை அறிமுகப்படுத்தினர். இதற்கு உழுதல் என்பதைவிட, வழியில் உள்ளதை முன்தள்ளிச் செல்லுதல் என்ற பொருளே பொருந்தும். பயனர் ஒரு கோட்டை வரைந்து அதனை நகர்த்துவார். கோடு தொடும் விளிம்புகள் நகரும். அவை தமக்கு முன்னுள்ளவற்றை, வடிவமைப்பு விதிகள் கோரும் இடைவெளி குறையாதபடி, தள்ளும். பின்னே உள்ள கம்பிகள் அறுபடாமல் நீளும்.

ஆதிப்புள்ளியும் செல்களும்

தளவமைப்பு செல்களாகப் பிரித்து வரையப்படுகிறது. ஒரு செல்லை ஒருமுறை வரைந்துவிட்டு, வேண்டிய இடங்களிலெல்லாம் அதன் படிகள் வைக்கப்படுகின்றன. ஒவ்வொரு படியின் இருப்பிடமும் அச்செல்லின் ஆதிப்புள்ளியைக் கொண்டே குறிக்கப்படுகிறது. அதன் இடது கீழ் மூலையைக் கொண்டு அன்று. புதியவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுவே.

எடுத்துக்காட்டாக, ஒரு செல்லின் உள்ளே இருக்கும் வடிவங்கள் அனைத்தும் ஆதிப்புள்ளியிலிருந்து 2 மைக்ரோமீட்டர் வலப்புறம் நகர்த்தப்படுகின்றன எனக் கொள்வோம். மேல்நிலைத் தளவமைப்பில் திருப்பாமல் வைக்கப்பட்ட படி 2 மைக்ரோமீட்டர் வலப்புறம் நகரும். இடஞ்சுழியாக 90 பாகை சுழற்றப்பட்ட படி மேல்நோக்கி நகரும். 180 பாகை சுழற்றப்பட்டதும், இடவலமாக எதிரொளிக்கப்பட்டதும் இடப்புறம் நகரும். ஒரே திருத்தத்தால் படிகள் பல திசைகளில் சிதறுகின்றன. அச்செல்லைத் தனியாகத் திறந்து பார்ப்பவருக்கோ எந்தப் பிழையும் தெரியாது.

இதனைத் தவிர்க்கச் சில மென்பொருள்களில் வசதி உண்டு. கட்டற்ற மென்பொருளான கேலேஅவுட்டில் ஆதிப்புள்ளியை மாற்றும்போது, மேல்நிலையில் உள்ள படிகளை எதிர்த்திசையில் ஈடுசெய்யும் தெரிவு உள்ளது. அதனைத் தேர்ந்தால் ஆதிப்புள்ளி மாறினாலும் சில்லில் எதுவும் அசையாது.

கட்டங்களும் வரிசைகளும்

ஒவ்வொரு உற்பத்தி முறைக்கும் மிகச் சிறிய கட்ட அளவு ஒன்று உண்டு. 2020 இல் வெளிப்படையாக வெளியிடப்பட்ட ஸ்கைவாட்டர் 130 நானோமீட்டர் முறையில் இது 5 நானோமீட்டர் ஆகும். அதில் ஒரு வடிவத்தை 3 நானோமீட்டர் நகர்த்தினால் அது கட்டத்தை விட்டு விலகிவிடும். 90 பாகையின் மடங்காக இல்லாத சுழற்சிகளும் இதே தொல்லையைத் தருவன.

இலக்கச் சுற்றுகளில் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. அம்முறையின் அடர்த்திமிகு நியமச் செல் தொகுப்பில் வரிசையின் உயரம் 2.72 மைக்ரோமீட்டர், கிடைமட்டப் படி 0.46 மைக்ரோமீட்டர். செல்களை இவற்றின் முழு மடங்குகளிலேயே நகர்த்த இயலும். மின்வழங்கல் கம்பியையும் தரைக் கம்பியையும் அண்டை வரிசைகள் பகிர்ந்துகொள்வதால், ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் செல்கள் தலைகீழாக எதிரொளிக்கப்படுகின்றன. ஆகவே ஒரு செல்லை ஒரு வரிசை மேலே ஏற்றும்போது அதனைத் தலைகீழாகவும் திருப்ப வேண்டும். மறந்தால் அதன் மின்வழங்கல் கம்பி புது வரிசையின் தரைக் கம்பியின் மீது அமர்ந்து குறுக்குச் சுற்று ஏற்படும். உலோகம் உலோகத்தோடு சேர்வதை வடிவமைப்பு விதிச் சோதனை பிழையாகக் கருதுவதில்லை என்பதால், இதனைக் கண்டுபிடிக்கத் தளவமைப்பைச் சுற்று வரைபடத்தோடு ஒப்பிடும் சோதனையும் தேவை.

நகர்த்திய பின்

இணைப்புகள் சரியாக இருந்தாலும் வேகம் மாறலாம். இடையே தாங்கிச் சுற்றுகள் இல்லாத கம்பி ஒன்றின் நீளம் இருமடங்கானால், அக்கம்பியின் மின்தடையும் மின்தேக்கமும் தனித்தனியே இருமடங்காகி, அதனால் உண்டாகும் தாமதம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. ஒப்புமைச் சுற்றுகளில், என்-கிணற்றின் விளிம்புக்கு அருகே நகர்த்தப்பட்ட திரிதடையத்தின் (டிரான்சிஸ்டர்) தொடக்க மின்னழுத்தமே சற்று மாறிவிடும். இணையாக இயங்க வேண்டிய இரண்டு திரிதடையங்களுள் ஒன்றை மட்டும் நகர்த்துவது இதனால் தவிர்க்கப்படுகிறது.

இந்தியாவில்

சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான சக்தி நுண்செயலிகள், தளவமைப்பை எங்கு வரை நகர்த்தலாம் என்பதற்கு நல்ல சான்று. 2018 இல் சக்தி சில்லு ஒன்று அமெரிக்காவில் இன்டெல் நிறுவனத்தின் 22 நானோமீட்டர் முறையிலும், மற்றொன்று இந்தியாவிலேயே மொகாலியிலுள்ள குறைக்கடத்தி ஆய்வகத்தின் 180 நானோமீட்டர் முறையிலும் உருவாக்கப்பட்டன. புளூஸ்பெக் மொழியில் எழுதப்பட்ட ஏரண வடிவமைப்பை இரு முறைகளுக்கும் கொண்டுசெல்ல முடிந்தது, தளவமைப்பை முடியவில்லை. முதலாவதில் திரிதடையங்கள் துடுப்பு வடிவில் எழுந்து நிற்பவை, இரண்டாவதில் தட்டையானவை. செல்களும் இடைவெளி விதிகளும் வேறுபடுவதால், ஒன்றின் படத்தைச் சுருக்கியோ விரித்தோ மற்றதற்குப் பயன்படுத்த இயலாது. தளவமைப்பைத் தொடக்கத்திலிருந்தே அமைக்க வேண்டும்.

2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஐரிஸ் சில்லும் சக்தியை அடிப்படையாகக் கொண்டதே. இந்திய விண்வெளி ஆய்வு மையத்துடன் இணைந்து வடிவமைக்கப்பட்ட இது மொகாலியில் 180 நானோமீட்டர் முறையில் உருவாக்கப்பட்டது.