‘மரம் வளர்க்கவா காலேஜுக்குப் போகணும்?’ - வனவியல் படிப்பில் என்னதான் இருக்கிறது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் ஒரே காட்சிதான். அப்பா கையில் இன்ஜினீயரிங் காலேஜ் பட்டியல். அம்மா மனதில் பி.காம் அல்லது நர்ஸிங். நடுவில் பிள்ளை மெதுவாக, ‘நான் ஃபாரஸ்ட்ரி படிக்கட்டுமா?’ என்று கேட்டால், ஒரு நிமிடம் வீடே அமைதியாகிவிடும். அடுத்து வரும் கேள்வி, ‘மரம் வளர்க்கவா காலேஜுக்குப் போகணும்?’

நியாயமான கேள்விதான். பதிலை நம் ஊர் சீமைக் கருவேல மரத்திலிருந்தே தொடங்கலாம்.

ஒரு மரம்... ஓராயிரம் கேள்விகள்!

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு இந்த மரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அமெரிக்கக் கண்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட இது, வறண்ட நிலத்தில் விறகுக்கு ஆகும் என்று கொண்டுவரப்பட்டது. ஆடு மாடுகள் இதன் காய்களைத் தின்னும். சாணத்தோடு விதை பரவும். வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். அகற்றச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிடும் அளவுக்குக் கண்மாய்களையும் தரிசு நிலங்களையும் பிடித்துக்கொண்டது.

ஆனால், அதே மரத்தை வெட்டி, கரிமூட்டம் போட்டுத்தான் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. மரத்தை எடுத்துவிட்டால் அவர்கள் பிழைப்புக்கு என்ன வழி? காலியான இடத்தில் எந்த மரத்தை நடுவது? எதையும் நடாமல் விட்டால் இதுவேதானே திரும்ப முளைக்கும்?

இந்தக் கேள்விகளுக்கு ஜே.சி.பி பதில் சொல்லாது. மண், தண்ணீர், மரம், விலங்கு, மனிதர்கள்... எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர்தான் சொல்ல முடியும். அப்படிப் பார்க்கக் கற்றுத்தருவதுதான் இயற்கை வளப் பாதுகாப்பு சார்ந்த படிப்புகள்.

வகுப்பறையில் பாதி... காட்டில் மீதி!

தமிழ்நாட்டில் இதற்கு முக்கியமான இடம் மேட்டுப்பாளையம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் வனக்கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. நான்கு ஆண்டு பி.எஸ்ஸி (ஆனர்ஸ்) வனவியல் படிப்புக்கு, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் சேர்க்கை. நீட் தேவையில்லை.

நாற்றங்கால் அமைப்பது, மரங்களை இனம் காண்பது, மரத்தின் உயரத்தையும் சுற்றளவையும் அளந்து அதில் எவ்வளவு கட்டை தேறும் என்று கணக்கிடுவது, காட்டுயிர் மேலாண்மை, நீர்ப்பிடிப்புப் பகுதி பராமரிப்பு, வனச் சட்டங்கள், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வரைபடம் தயாரிப்பது எனப் பாடங்கள் விரியும். வயலில் மரப்பயிர் செய்யும் வேளாண் காடு வளர்ப்பும் உண்டு. சவுக்கு, மலைவேம்பு போன்ற மரங்களை வளர்க்கும் விவசாயிகளையும் அவற்றை வாங்கும் ஆலைகளையும் இணைக்கும் பணியை இந்தக் கல்லூரி செய்துவருகிறது.

விலங்குகள், பறவைகள் மீதுதான் ஆர்வம் என்பவர்களுக்கு, மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி கல்லூரியிலும், ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியல் படிப்பு இருக்கிறது. கடல்தான் பிடிக்கும் என்றால், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அலையாத்திக் காடுகள் நிறைந்த பிச்சாவரம் அங்கிருந்து பக்கம்தான். மேற்படிப்புக்கு டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் பலரின் கனவு.

வேலை கிடைக்குமா?

எல்லாப் பெற்றோரும் கேட்பது இதுதான். மறைக்காமல் சொல்வதென்றால், கேம்பஸ் இன்டர்வியூவில் கொத்தாக ஆள் எடுக்கும் துறை இது அல்ல.

அரசுப் பணியில் உச்சம், ஐ.எஃப்.எஸ் எனும் இந்திய வனப் பணி. யு.பி.எஸ்.சி நடத்தும் இந்தத் தேர்வை வனவியல் பட்டதாரிகள் மட்டுமல்ல; தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம் போன்ற பாடங்களைப் படித்தவர்களும், வேளாண்மை, பொறியியல் பட்டதாரிகளும் எழுதலாம். அதாவது போட்டி அதிகம். தேர்வில் வென்றாலும் ஒரு நடைத் தேர்வு உண்டு. நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டரும், பெண்கள் 14 கிலோமீட்டரும் நடந்து முடிக்க வேண்டும். மாநில அளவில் உதவி வனப் பாதுகாவலர் போன்ற பணியிடங்களுக்கு டி.என்.பி.எஸ்.சி தேர்வு நடத்துகிறது.

அரசுக்கு வெளியே காகித ஆலைகள், நாற்றுப் பண்ணைகள், ஆராய்ச்சி நிறுவனங்கள், தன்னார்வ அமைப்புகள், சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால், ஆராய்ச்சி, தன்னார்வப் பணிகளில் பெரும்பாலும் ‘ப்ராஜெக்ட்’ முடியும்வரைதான் வேலை. ஆரம்பச் சம்பளமும் குறைவாகவே இருக்கும். முதல் சில ஆண்டுகளைப் பொறுமையோடு கடக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பேசிவிடுவது நல்லது.

கோவையில் வேலை பார்த்த ஜானகி அம்மாள்

‘பொம்பளப் பிள்ளைக்குக் காடு எதுக்கு?’ என்று கேட்பவர்களுக்கு ஜானகி அம்மாளின் கதையைச் சொல்லலாம். 1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றவர். கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். 80 வயதைத் தாண்டிய பிறகும், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாது என்று குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

சேரும் முன் ஒரு சோதனை

புலி வீடியோ பார்த்துப் பிறந்த ஆசை மட்டும் இந்தப் படிப்புக்குப் போதாது. களப்பணி என்றால் அட்டைக்கடி, மழை, சிக்னல் இல்லாத முகாம், நாள் முழுக்க நடந்தும் ஒரு விலங்குகூடக் கண்ணில் படாத ஏமாற்றம் எல்லாம் உண்டு. திரும்பி வந்ததும் எக்ஸெல் ஷீட்டும் புள்ளியியலும் காத்திருக்கும்.

அதனால், விண்ணப்பம் போடும் முன் ஒரு முறை களத்தைப் பார்த்துவிடலாம். சென்னையில் இருப்பவர்கள், ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில், பெசன்ட் நகர் பக்கம் மாணவர்கள் நடத்தும் இரவு நேர ‘ஆமை நடை’யில் கலந்துகொள்ளலாம். மற்ற ஊர்க்காரர்கள், பக்கத்து ஏரிக்குக் காலை ஆறு மணிக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய், இரண்டு மணி நேரம் பறவைகளை எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்த வாரமும் போகத் தோன்றினால், வீட்டில் தைரியமாகப் பேச்சை எடுக்கலாம். முடிந்தால் அந்த இரண்டாவது நடைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்!