பல்கலைக் கழகத்தின் வாயில் நமக்கும் திறந்திருக்கிறது



பிழைப்பை முன்னிட்டுத் தாயகம் விட்டு மௌலா அலியில் குடியேறிய நம்மவரில் பெரும்பாலோர் நன்கு அறிந்த பாதைகள் மூன்றே. குடியிருப்பிலிருந்து லோகோ ஷெட்டுக்கோ காரியாலயத்துக்கோ செல்லும் பாதை ஒன்று. கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் செல்வது மற்றொன்று. ஆண்டுக்கு ஒரு முறை பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு ஊருக்குப் புறப்படும் ரயில் பாதை மூன்றாவது. நான்காவது பாதை ஒன்றும் உண்டு. லாலாப்பேட்டையைக் கடந்து தார்நாக்காவை அடைந்தால், ஒரு புறம் உஸ்மானியா பல்கலைக் கழகமும், மறு புறம் இரசாயனம், உயிரணு, பூமியின் உட்கூறு ஆகியவற்றை ஆராயும் பெரிய தேசியக் கூடங்களும் நிற்கின்றன. அவற்றின் மதிற்சுவரைப் பஸ் ஜன்னல் வழியே பலமுறை பார்த்திருக்கிறோம். வாயிலைத் தாண்டி உள்ளே சென்றவர் நம்மில் எத்தனை பேர்?

செல்லாமைக்கு நாம் கூறும் காரணங்கள் இரண்டு. அது மெத்தப் படித்தவர்களின் இடம் என்பது ஒன்று. அங்கே பேசும் மொழி நமக்கு வராது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் உண்மையான தடைகள்தாமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஆம் நாள் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1928-இல் அதே நாளில் சர் சி. வி. இராமன் ஒளிச்சிதறலைப் பற்றிய தம் கண்டுபிடிப்பைக் கண்டறிந்தார் என்பதே அதன் காரணம். இது பலரும் அறிந்த செய்தி. அவர் அந்த ஆராய்ச்சிக் கூடத்திற்குள் நுழைந்த விதம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த இராமன், 1907-இல் நிதி இலாகா உத்தியோகத்தை ஏற்றுக் கல்கத்தா சென்றார். அவரும் நம்மைப் போலவே உத்தியோகத்தின் பொருட்டு வேற்றூர் சென்ற தமிழர்தாம். ஒரு நாள் டிராம் வண்டியில் செல்கையில், பௌ பஜார் வீதியில் ஒரு விஞ்ஞானச் சங்கத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு, இறங்கி உள்ளே சென்றார். அதன் பின்னர் பத்தாண்டுக் காலம், பகலில் கணக்குக் காரியாலயம், காலையிலும் மாலையிலும் ஆராய்ச்சிக் கூடம் என்று உழைத்தார். 1917-இல்தான் உத்தியோகத்தை விட்டுப் பேராசிரியரானார்.

அச்சங்கத்தை 1876-இல் நிறுவியவர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் வைத்தியர். பொது மக்களுக்கு விஞ்ஞானப் பிரசங்கங்கள் நிகழ்த்துவது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்றாக இருந்தது. யாரேனும் வரக்கூடும் என்று ஒருவர் வாயிலைத் திறந்து வைத்தார். முப்பத்தோராண்டுகள் கழித்து, வர வேண்டியவர் வந்தார். இலண்டன் மாநகரிலும் இவ்வாறே நிகழ்ந்தது. புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகிய ஏழை இளைஞர் மைக்கேல் ஃபாரடே, கடைக்கு வந்த ஒருவர் அளித்த அனுமதிச் சீட்டைக் கொண்டு 1812-இல் ஹம்ஃப்ரி டேவியின் பிரசங்கங்களைக் கேட்டார். கேட்டவற்றைக் குறிப்பெடுத்து, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டே டேவியின் உதவியாளரானார். மின்சார மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் அடிப்படையான உண்மைகளைக் கண்டவர் அவரே. இன்று நம் ஷெட்டில் நிற்கும் மின்சார எஞ்சின்கள் அவருக்குக் கடன்பட்டவை. அந்த நன்றியாலோ என்னவோ, சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் பிரசங்கங்கள் 1825-இல் அதே ஸ்தாபனத்தில் தொடங்கியபோது, அவற்றை வளர்த்தவர்களில் அவர் முதன்மையானவராய் விளங்கினார்.

இனி நம் ஹைதராபாத்தின் கதைக்கு வருவோம். நவாப் ஜாபர் ஜங் என்பவர் வானத்தின் மீது கொண்ட ஆசையால் பெரிய டெலிஸ்கோப் ஒன்றை வரவழைத்து, 1901-இல் ஒரு வானாராய்ச்சி நிலையத்தை நிறுவினார். அதுவே நிஜாமியா நிலையம். 1908-இல் நிஜாம் அரசாங்கம் அதனை ஏற்றது. பின்னர் பேகம்பேட்டைக்கு மாறிய அந்நிலையம் 1919-இல் உஸ்மானியா பல்கலைக் கழகத்தின் பொறுப்பில் வந்தது. வானம் முழுவதையும் புகைப்படம் எடுத்து நட்சத்திர அட்டவணை தயாரிப்பது என்று 1887-இல் பாரிஸ் நகரில் கூடிய வானவியலார் முடிவு செய்து, வானத்தைப் பகுதி பகுதியாகப் பல நாடுகளுக்குப் பங்கிட்டிருந்தனர். தென் அமெரிக்காவின் சாந்தியாகோ நிலையத்தால் நிறைவேற்ற இயலாத பகுதியை ஹைதராபாத் ஏற்று முடித்தது; அதன்பின் ஜெர்மனியின் பாட்ஸ்டாம் நிலையத்திற்குரிய பகுதியிலும் ஒரு பங்கை முடித்துக் கொடுத்தது.

அவ்வேலையின் தன்மையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கண்ணாடித் தகட்டில் பதிந்த ஒவ்வொரு புள்ளியையும் நுண்ணோக்கியால் அளந்து, எண்களைப் பேரேட்டில் வரிசையாகக் குறித்து, கூட்டிச் சரிபார்க்க வேண்டும். இலட்சக்கணக்கான நட்சத்திரங்கள் இவ்வாறு குறிக்கப்பட்டன. ஒரு கட்டத்தில் ஓர் எண்ணும் பிறழாமல் எழுதும் பொறுமை எத்தகையது என்பது, பேரேடுகளோடு பொழுதைக் கழிக்கும் நம் போன்ற குமாஸ்தாக்களுக்குத் தெரியாததன்று. மேதையர் மட்டுமே விஞ்ஞானத்தை வளர்த்தனர் என்று எண்ணுவது பிழை. மாதச் சம்பளம் பெற்று நாள்தோறும் உழைத்த ஊழியர்களின் பங்கும் அதில் உண்டு.

அந்நிலையத்தில் உதவியாளராகப் பணிபுரிந்த ஒருவரின் மகன், 1927-இல் சென்னையில் பிறந்து, டெலிஸ்கோப்பின் நிழலிலேயே ஹைதராபாத்தில் வளர்ந்தார். வைணு பாப்பு என்னும் அவ்விளைஞர் அமெரிக்காவில் ஹார்வர்டில் பயில்கையில், 1949-இல் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பிற்காலத்தில் தமிழ் நாட்டின் ஜவ்வாது மலையில் காவலூர் வானாராய்ச்சி நிலையத்தை உருவாக்கினார். 1986 முதல் அங்குள்ள பெரிய டெலிஸ்கோப் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தந்தையின் பணியிடத்து வாயில் பிள்ளைக்கு மூடப்படாமல் இருந்ததன் பயன் இது.

ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? சந்திர கிரகணத்தன்று, நிலவு ஏன் சிவந்திருக்கிறது என்று நம் குடியிருப்பில் ஒரு சிறுமி கேட்டாள். “வெளியே போகாதே, உள்ளே வா” என்பதே அவளுக்குக் கிடைத்த விடை. 1980-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள், பூரண சூரிய கிரகணத்தின் பாதை இப்பிரதேசத்தின் மீது சென்றது. உஸ்மானியாவுக்குச் சொந்தமான ஜபால்–ரங்காபூர் நிலையத்தில் விஞ்ஞானிகள் கூடி அதனை ஆராய்ந்துகொண்டிருந்த அதே நேரத்தில், எத்தனையோ வீடுகளில் கதவும் ஜன்னலும் சாத்தப்பட்டிருந்தன. கண்ணுக்குப் பாதுகாப்பின்றிச் சூரியனைப் பார்த்தல் கூடாது என்பது உண்மையே. அட்டையில் சிறு துளையிட்டு, அதன் வழியே விழும் பிம்பத்தைத் தரையில் பார்த்தல் எவருக்கும் எளிது என்பதும் உண்மையே. முதல் உண்மையை மட்டும் கேட்டவர்கள் கதவைச் சாத்தினார்கள்; இரண்டாவதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வாரில்லை. பல்கலைக் கழகங்கள் மக்களிடம் வருவதும், மக்கள் பல்கலைக் கழகத்திற்குச் செல்வதும் ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வருங்காலத்தில் நம்மை நோக்கி வரும் நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 28-ஐ ஒட்டிக் கல்லூரிகளிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் கண்காட்சிகளும் பிரசங்கங்களும் நடைபெறுவது வழக்கம். தார்நாக்கா, ஹப்சிகூடாப் பகுதியிலுள்ள தேசியக் கூடங்கள் விஞ்ஞான ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்தவை. 1942-இல் தோன்றிய அம்மன்றத்தின் நிறுவன நாள் செப்டம்பர் 26. அதையொட்டியும் பொது மக்களை அனுமதிக்கும் வழக்கம் உண்டு. தேதியும் நேரமும் பத்திரிகைகளில் முன்கூட்டியே அறிவிக்கப்படும். வானமும் நமக்கு நாள் குறித்திருக்கிறது. 2028 டிசம்பர் 31 இரவு பூரண சந்திர கிரகணம். நம் நேரப்படி சுமார் 10 மணி 20 நிமிடத்திற்கு அதன் நடுப்பகுதி. வெறுங்கண்ணாலேயே அச்சமின்றிப் பார்க்கலாம். 2034 மார்ச் 20 அன்று காஷ்மீரப் பகுதியில் பூரணமாகவும் இங்கே பகுதியாகவும் சூரிய கிரகணம் தோன்றும்.

மொழியைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. கூலியாட்களோடும் பயணிகளோடும் தெலுங்கும் உருதும் கலந்து பேசி நாள்தோறும் காரியத்தை முடிப்பவர்கள் நாம். நுண்ணோக்கியின் கீழ் அசையும் உயிரணு எந்த மொழியில் அசைகிறது? மேலும், பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகளே நமக்கு மொழிபெயர்ப்பாளர்களாய் இருப்பார்கள். தந்தைக்கு விளக்கிச் சொல்லும் பிள்ளை, தானும் அதனைத் தெளிவாகக் கற்றுக்கொள்ளும் அன்றோ?

செல்லும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு செல்லுங்கள். வீட்டுக்கு ஒரு கேள்வியையேனும் முன்னதாகவே எழுதிக்கொள்ளுங்கள். நாம் தினமும் காணும் மௌலா அலிக் குன்றின் பாறைக்கு வயது என்ன என்று கேட்கலாம். சுமார் இருநூற்றைம்பது கோடி ஆண்டுகள் என்று அவர்கள் கூறுவார்கள். அதை எவ்வாறு அறிந்தார்கள் என்பதே சுவையான பகுதி. பையன்களை மட்டும் அழைத்துச் சென்று, பெண் குழந்தைகளை அடுப்படியில் விட்டுவிடாதீர்கள். தாய்மார்களும் வருதல் வேண்டும். கிரகணத்தன்று கதவைத் திறப்பதா சாத்துவதா என்று முடிவு செய்பவர்கள் அவர்களே.

வருகிற விஞ்ஞான தினத்தன்று சங்கத்தின் சார்பில் குடும்பங்கள் ஒன்றாகச் சென்று வரலாம் என்பது நம் யோசனை. சென்று வந்த சிறுவர் சிறுமியர் தாம் கண்டதை எழுதினால், இப்பத்திரிகையில் இரண்டு பக்கம் ஒதுக்குவது அரிதன்று. நம் பிள்ளைகளுக்கு உத்தியோகம் தேடித் தருவதில் நாம் காட்டும் அக்கறை பெரிது. அதனுடன் கேள்வி கேட்கும் உரிமையையும் தேடித் தருவோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய நமக்கு அந்த வாயிலை எவரும் சுட்டிக் காட்டவில்லை. நம் பிள்ளைகள் அவ்வாறு சொல்லும் நிலை வரவேண்டாம்.